அளவுகோல்

குளியலறைத் தரையை வினிகர் விட்டு இருமுறை துடைத்தாயிற்று.
யாருடைய வாசனையும் இருக்கக் கூடாதாம்.
இந்த வீட்டில் அப்படியோர் இடம்
இது ஒன்றுதான், அதுவும் இன்று மட்டும்.

நடுவில் காய்ந்த புல் ஒரு குவியல்,
ஸ்குவோலுக்கு மேலே சரிவில் ஆகஸ்டில் அறுத்தது,
உதறினால் இன்னும் பூ மணக்கிறது.
அட்டைப்பெட்டி வீடுகள் மூன்று,
ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல்.
"ஒரு வாசல் இருந்தா அது வீடில்லை அப்பா, பொறி"
என்கிறாள் லதீனா. ஒன்பது வயது.

கினிப்பன்றி ஒன்றைத் தனியே வளர்ப்பது
இந்த நாட்டில் சட்டப்படி தவறு.
மேல்மாடியில் ஒற்றையாய் இருக்கும் டுமெங்கைப் பற்றிச்
சட்டம் ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் நூஷை விட்டோம். ஐந்தரை வயது,
இடக்கண்ணில் பால் படர்ந்தவள்.
தோழி செத்துப் பதினோரு நாள்.
பதினோரு நாளும் குளிர்பெட்டி திறந்தால்
சீழ்க்கை இல்லை.
முன்பு வெள்ளரிக்காய் என்றால்
பேருந்து நிறுத்தம் வரை கேட்ட குரல்.

பிறகு, லாண்ட்க்வார்ட்டிலிருந்து ரயிலில் வந்த
அக்கா தங்கை.
சுரங்கப்பாதை முழுக்கக் கீச்சிட்டுக்கொண்டு வந்தார்களாம்.
பரிசோதகர் கூடைக்குள் எட்டிப் பார்த்து
"மொத்தம் எத்தனை பேர்?" என்றாராம்.
பெயர் இன்னும் வைக்கவில்லை.
வைத்துவிட்டால் திருப்பித் தர முடியாது,
அது லதீனாவின் சட்டம்.

நூஷ் இடுப்பை ஆட்டி ஆட்டி நடந்தாள்,
அடிவயிற்றில் மோட்டார் ஓடியது.
கோபமா என்றேன்.
"இல்லை, விலாசம் சொல்றா."
மூக்கோடு மூக்கு வைத்துத்
தலையை உயர்த்தினார்கள், இன்னும் உயர்த்தினார்கள்,
யார் தாடை மேலே என்பதுதான் வழக்கு.
பல் நறநறத்தது.
ஒரு கொத்து வெள்ளை முடி
எழுந்து, அவசரமில்லாமல் இறங்கிற்று.

நான் அடுப்புக் கையுறையை மாட்டிக்கொண்டேன்.

பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன் நான்.
விடியுமுன் கணவாய்ச் சாலையில்
ஒதுக்கித் தள்ளுவதுதான் பிழைப்பு.
என்னை ஒதுங்கி நிற்கச் சொன்னாள்.
"ரத்தம் வந்துதா?"
இல்லை.
"அப்போ உட்காரு."
கழிப்பறைத் தொட்டி மூடியின்மேல் உட்கார்ந்தேன்,
கையுறையோடு.

ஆஸ்பத்திரி இரவுப் பணியிலிருந்து ஊர்சினா அழைத்தாள்.
"யார் ஜெயிக்கிறாங்க?"
"தெரியலை."
"நீ தோத்துட்டிருக்கே, குரல்லயே தெரியுது."

லதீனா பள்ளி அளவுகோலைத் தரையில் நகர்த்தி நகர்த்தி
நூஷுக்கும் பக்கத்து மூக்குக்கும் இடையே அளந்தாள்.
ஏழு மணி, தொண்ணூற்று நான்கு.
எட்டரை, அறுபத்தொன்று.
ஒன்பது மணிக்கு ஒரே துரத்தல், அளக்க யாரும் நிற்கவில்லை.
பத்தேகால், இருபத்திரண்டு;
நடுவே ஒரு செலரித் தண்டு,
இரு முனையிலும் மெல்லும் சத்தம்.
பார்த்தாயா என்று கையுறையைக் கழற்றினேன்.

ஞாயிறு காலை, எண்பது.
மூன்று வீடு இருக்க, நூஷ் படுத்த வீட்டில்தான் தங்கை.
நூஷ் வெளியே, சுவரைப் பார்த்தபடி.
அவ்வளவு சிறிய முதுகு
அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு.
லதீனா அன்று முழுக்க அளக்கவில்லை.
நானும் கேட்கவில்லை.

திங்களன்று அளவுகோல் பள்ளிக்குப் போய்விட்டது,
இரண்டாம் பாடவேளை வடிவகணிதம்.
அதற்குப் பிந்தைய சென்டிமீட்டர்கள்
எந்தக் கணக்கிலும் இல்லை.

பத்து மணிக்கு வண்டியை நிறுத்திவிட்டு வந்தேன்,
பூட்ஸில் சாலை உப்பு.
பால் எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தேன்.
உள்ளிருந்து இரண்டு சீழ்க்கை,
மெல்லியவை, இந்த வீட்டுக்குப் புதியவை.
அப்புறம் மூன்றாவது,
கரகரத்து, துருப்பிடித்து, பாதியில் நின்று,
மறுபடியும்.

வெள்ளரிக்காய் தீர்ந்திருந்தது.
திறந்த கதவைப் பிடித்தபடியே நின்றேன்,
மூடினால் நிறுத்திவிடுவார்களோ என்று.